வாழ்த்தட்டையில் பனி: தில்லியின் ஓராண்டைத் தாங்கியவையும் தாங்காதவையும்

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து உறவினர்களுக்குத் தில்லியிலிருந்து கையால் செய்த வாழ்த்தட்டைகளை அனுப்புவது எங்கள் வீட்டில் பல ஆண்டு வழக்கம். தில்லியில் மூடுபனிதான் உண்டே தவிரப் பனி பொழிவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், வடக்கிலிருந்து வரும் அட்டையில் சிம்லாவின் மலைச்சரிவும் பனி சுமந்த தேவதாருவும் இருந்தாக வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. ஒவ்வொரு முறையிலும் செய்த அட்டைகளில் ஒன்றை அனுப்பாமல் திறந்த அலமாரியில் நிறுத்திவைத்து, அடுத்த குளிர்காலம் வரை கவனிப்பேன். மே மாதத்தில் வீசும் லூ எனும் வறண்ட அனல்காற்று, ஆகஸ்டின் ஈரம், நவம்பரின் புகைமாசு, ஜனவரியின் குளிர் ஆகிய நான்கையும் ஒரே ஆண்டில் தரும் ஊர் இது. செய்த அன்று எப்படி இருந்தது என்பதைக் காட்டிலும், இந்த நான்கையும் கடந்தபின் எது பனியாகவே நின்றது என்பதை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

பலரும் முதலில் கையிலெடுப்பது உப்பு. நீர்வண்ணத்தில் வானத்தைப் பூசி, ஈரப் பளபளப்பு முழுதும் அடங்குவதற்கு முன் கல் உப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்து, நிறம் விலகிய இடத்தில் வெளிறிய நட்சத்திரப் பூவை விட்டுச்செல்லும். பனி விழும் இரவு வானத்துக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் உலர்ந்தபின் எவ்வளவு தட்டினாலும் தாளின் நாரில் கொஞ்சம் உப்பு தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். தில்லியின் மழைக்காலத்திலேயே வானத்தில் திட்டுத்திட்டாக ஈரம் படிந்து நீலம் கசிந்துவிட்டது என்றால், கடற்காற்று வீசும் தூத்துக்குடி வீட்டில் அதன் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எப்சம் உப்பின் (மக்னீசியம் சல்பேட்) கதை இதற்கு நேர் எதிர். வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்துத் தூரிகையால் கருநீலத் தாளில் பூசினால், உலர உலர ஊசி ஊசியாகப் படிகங்கள் விரிந்து, சன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்தது போன்ற தோற்றம் கிடைக்கும். நான் முயன்றவற்றில் செய்த அன்று மிக அழகாக இருந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். இந்தப் படிகம் நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் பிடித்துவைத்திருப்பது. வறண்ட காற்றில் அந்த நீரை இழந்து வெறும் வெண்பொடியாகிவிடும். லூ வீசும் வாரங்களில் அலமாரியில் இருந்த அட்டையின் ஊசிகள் மங்கி, விரல் பட்டால் உதிரும் தூளாயின. நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் அட்டைக்கு மட்டுமே இதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சவர நுரையையும் வெள்ளைப் பசையையும் சம அளவில் கலந்து செய்யும் உப்பல் பனி, பிள்ளைகளுக்கு ஒரு மாலைப் பொழுதுபோக்கு. உறைக்குள் போனதும் அமுங்கிவிடும். சமையல் சோடாவைப் பசையில் குழைப்பதும் அப்படித்தான், மடிப்பு வரும் இடத்தில் உதிர்கிறது. சூட்டில் உருகிப் புடைத்து நிற்கும் வெள்ளை எம்போசிங் பொடியை வெப்பத் துப்பாக்கியால் உருக்கினால் அது ஓராண்டு என்ன, பல ஆண்டும் அசையாது. ஆனால் அதன் வழவழப்பு பனிக்கட்டிக்குத்தான் பொருந்துகிறது. கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கூம்புகளுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

எல்லாவற்றையும் தாங்கி நின்றது அக்ரிலிக் பிணைப்பில் சலவைக்கல் தூள் கலந்த மாடலிங் பேஸ்ட்தான். சாவ்ரி பஜாரில் வாங்கும் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளில், சிறிய ஓவியக் கத்தியின் நுனியால் பேஸ்ட்டை எடுத்துக் கிளையின் மேல்விளிம்பில் வைத்து, வெளிப்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தால் போதும். கத்தி விலகும் இடத்தில் தானாகவே ஒரு கரடுமுரடான ஓரம் அமையும். அதைத் தடவிச் சமப்படுத்தக் கை பரபரக்கும், ஆனால் பனியாகத் தெரிவதே அந்த ஓரத்தால்தான். தடிப்பாக வேண்டுமானால் மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் போட வேண்டும். ஒரேயடியாக அப்பினால் மேற்புறம் முதலில் காய்ந்து வெடிப்பு விடும். குளிரையும் கவனிக்க வேண்டும். சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று சரியாக இணைவதில்லை. டிசம்பர் கடைசி இரவில் தில்லி பால்கனியில் காயவைத்தால் பேஸ்ட் பொருக்குத் தட்டும் என்பதால், அறைக்குள்ளேயே உலர்த்துவது நல்லது. நவம்பரிலேயே வேலையை முடித்துவிடலாம் என்றால் அப்போது காற்றில் மிதக்கும் கரித்தூள் ஈரமான பேஸ்ட்டில் படிந்து வெள்ளையைச் சாம்பலாக்குகிறது. கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியில்தான் என் இமயமலை உலர்கிறது.

வெள்ளையை மட்டும் அப்பினால் அது பஞ்சாகத்தான் தெரியும். திறந்த வெளியில் பனியின் நிழலுக்கு வானத்தின் ஒளிதான் விழுகிறது. ஆகவே நிழல் நீலமாக இருக்கும். உலர்ந்த பேஸ்ட்டின் மீது, ஒளி வரும் திசைக்கு எதிர்ப்பக்கம், அல்ட்ராமரின் நீலத்தில் இம்மியளவு பழுப்பு சேர்த்து நீர்த்த பூச்சாகக் கொடுத்தால் அந்தத் திட்டு உடனே திரண்டு எழும். ஒளியின் திசை அட்டை முழுதும் ஒன்றாக இருக்க வேண்டும். பனி கிளையின் மேற்புறத்திலும் கவட்டிலும் தங்குமே தவிர அடிப்புறத்தில் தங்காது என்பதும் கடையில் விற்கும் அச்சு அட்டைகளில்கூடப் பல நேரம் மறந்துபோகிறது.

விழும் பனிக்கு, பால் பதத்தில் கரைத்த வெள்ளை அக்ரிலிக்கைப் பழைய பல்துலக்கியில் தோய்த்துக் கட்டை விரலால் தெறிக்கவிடுகிறேன். குவாஷ் எனும் ஒளிபுகா நீர்வண்ணத்தில் அடர்த்தி நன்றாக வந்தாலும், உலர்ந்தபின்னும் ஈர விரல் பட்டால் கரைந்துவிடுகிறது. தொலைவில் சிறு புள்ளிகள் நிறைய, அருகில் பெரிய புள்ளிகள் சில என்று இரண்டு சுற்றாகத் தெறித்தால் ஆழம் கிடைக்கும். மினுமினுப்புக்கு மைக்காத் துகளை ஒளிபடும் விளிம்பில் மட்டும் ஒரு சிட்டிகை தூவலாம். அட்டை முழுதும் தூவினால் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். சதர் பஜாரில் கிடைக்கும் பஞ்சிங் கருவிகளில் எட்டுக் கைகள் கொண்ட பனிப்பூவும் இருக்கிறது. பனிப்படிகம் அறுகோண அமைப்புடையது; அமெரிக்கரான வில்சன் பென்ட்லி 1885 முதல் நுண்ணோக்கி வழியே ஒற்றைப் பனிப்படிகங்களை எடுத்த படங்களில் அந்த ஆறு கைகளுக்குப் புகைப்படச் சான்றும் இருக்கிறது. எட்டுக் கைப் பூவை வாங்காதீர்கள்.

கோடை வெப்பத்தில் அக்ரிலிக் சற்றே இளகும் என்பதால், அடுக்கிவைக்கும் அட்டைகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைக்காவிட்டால் ஒன்றின் பனி மற்றொன்றின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். தபாலில் வேறு சிக்கல். உறையின் வலது மேல் மூலையில்தான் தபால்தலைமேல் முத்திரை குத்துகிறார்கள்; அந்த அடிக்கு நேர் கீழே பேஸ்ட் இருந்தால் நொறுங்கும். ஆகவே தடித்த பனித்திட்டுகளை எப்போதும் இடது கீழ்ப்பகுதியில் அமைக்கிறேன். எடையும் கூடுகிறது. ஏ4 தாளை இரண்டாக மடித்த 300 ஜி.எஸ்.எம். அட்டை மட்டுமே சுமார் 19 கிராம். உறையும் பேஸ்ட்டும் சேர்ந்தால் கடிதத்துக்கான முதல் கட்டணப் படியின் 20 கிராம் வரம்பைத் தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால் குறைவுத் தொகையின் இருமடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். வாழ்த்து அனுப்பிய கையோடு அத்தையைக் காசு கட்டவைப்பது நன்றாக இராது என்பதால், பேஸ்ட் பனி உள்ள உறைகளை அஞ்சலகத்தில் எடை பார்த்த பிறகே பெட்டியில் போடுகிறேன்.