எச்சரிக்கை: 950 டாலர் வாங்கிக்கொண்டு பழைய கேள்விகளைச் சொல்லிக்கொடுத்த சிட்டிசன்ஷிப் வகுப்பு

நியூஜெர்சியில் அம்மா அப்பாவுக்கு சிட்டிசன்ஷிப் வகுப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன வாரம் என் அம்மாவுக்கு இன்டர்வியூ. ஆங்கிலத்தில் வாசித்தார், எழுதினார், ஆபீசர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், அத்தனையும் பாஸ். சிவிக்ஸில், அதாவது அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பற்றிய கேள்விகளில் மட்டும் ஃபெயில். அம்மா படிக்காமல் போகவில்லை. ராத்திரி பகலாகப் படித்தார். ஆனால் அவர் படித்தது அவருக்கு நடக்கவே போகாத ஒரு தேர்வுக்கு. அப்படிப் படிக்க வைத்த வகுப்புக்கு நாங்கள் கொடுத்தது 950 டாலர்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-லிருந்து இருந்த தேர்வில் மொத்தம் 100 கேள்விகள். ஆபீசர் அதிலிருந்து 10 வரை கேட்பார், 6 சரியாகச் சொன்னால் போதும். 2025 செப்டம்பரில், சிட்டிசன்ஷிப் விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசுத் துறையான யூஎஸ்சிஐஎஸ் புதுத் தேர்வை அறிவித்தது. இப்போது 128 கேள்விகள், அதில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். எந்தத் தேர்வு என்பது என்-400 என்கிற சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் போன தேதியைப் பொறுத்தது. 2025 அக்டோபர் 20-க்கு முன் போட்டவர்களுக்குப் பழையது, அன்றோ அதற்குப் பிறகோ போட்டவர்களுக்குப் புதியது. இன்டர்வியூ என்றைக்கு வருகிறது என்பது கணக்கே இல்லை.

அம்மாவின் விண்ணப்பம் நவம்பரில் போனது. அதை நிரப்பி, சப்மிட் பட்டனை அமுக்கியவர்களே இந்த வகுப்புக்காரர்கள்தான். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. வேறு யாரோ விண்ணப்பம் போட்டு, இவர்கள் தேதி தெரியாமல் பாடம் நடத்தியிருந்தால்கூட ஒரு பேச்சு. தங்கள் கையாலேயே நவம்பரில் அனுப்பிவிட்டு, மறு சனிக்கிழமையே பழைய நூறு கேள்வியைக் கையில் கொடுத்தார்கள்.

பெயர் போடப் போவதில்லை. வார இறுதியில் வாடகை ஹாலில் நடக்கும், 'நம்ம ஆளுங்களுக்காக நாமே நடத்துறோம்' என்று சொல்லிக்கொள்ளும் சமூக வகுப்பு வகையறா. வாட்ஸ்அப் வழியாகத்தான் ஆள் சேர்ப்பார்கள்.

முதல் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நடத்துபவர் வாசலுக்கே வந்து, "வாங்கம்மா, எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். அம்மா தஞ்சாவூர் என்றதும், "எங்க பாட்டி ஊரும்மா!" என்றார். அம்மாவுக்கு அப்புறம் வேறெதுவும் தேவைப்படவில்லை. அமெரிக்கா வந்து இத்தனை வருடத்தில் பேரப்பிள்ளைகளோடும் தொலைக்காட்சியோடும் மட்டுமே பொழுதைக் கழித்தவருக்குத் தன் வயதில் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து படிக்கிற இடம் கிடைத்ததே பெரிய சந்தோஷம். அந்த ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அம்மாவை எங்ககிட்ட விட்டுட்டீங்க இல்ல, இனி அது எங்க பொறுப்பு. பாஸ் ஆகலன்னா முழுப் பணமும் திரும்ப. வார்த்தை" என்றார். வார்த்தையாம்.

கட்டணம் மூன்று தவணையாக வந்தது. வகுப்புக்கு 550, விண்ணப்பம் நிரப்ப 250, கடைசியில் 'மாக் இன்டர்வியூ' என்று ஒத்திகைக்கு 150. ஆக 950 டாலர். அரசாங்கத்துக்கு ஆன்லைனில் கட்டிய 710 டாலர் இதில் சேராது, அது தனி. ஒவ்வொரு முறையும் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல்லில்தான் அனுப்பச் சொன்னார்கள், கார்டு வாங்க மாட்டார்கள். அனுப்பும்போது குறிப்பில் 'நன்கொடை' என்று போடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "சமூக சேவை இல்லையா சார், கணக்குக்கு அப்படித்தான் வேணும்" என்று பதில். இந்த நன்கொடை எதற்கு உதவியது என்று கீழே வருகிறது.

அந்தப் புத்தகத்தை இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். புத்தகம் என்ன புத்தகம், யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் யாரும் இலவசமாக எடுக்கக்கூடிய பழைய பட்டியலை ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்தது, மேலே அவர்கள் லோகோ. ஒவ்வொரு பதிலுக்கும் கீழே அம்மா பென்சிலில் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் இருந்த பதின்மூன்று மாநிலங்களில் மூன்றைச் சொல்லு என்பது பழைய பட்டியலின் கேள்வி. அம்மா நியூயார்க், நியூஜெர்சி, வர்ஜீனியா மூன்றுக்கும் அடிக்கோடு போட்டு, 'இது போதும்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். வகுப்பில் சொன்னதாம். புதுப் பட்டியலில் ஐந்து மாநிலம் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆபீசர் கேட்டதும் ஐந்துதான்.

அறைக்குள் என்னை விடவில்லை, அம்மா வெளியே வந்து சொன்னதுதான். மூன்று மாநிலம் சொல்லி நிறுத்தியதும் ஆபீசர் இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார். அம்மா யோசித்து கலிஃபோர்னியா என்றிருக்கிறார். அப்புறம் ஜேம்ஸ் மேடிசன் எதற்குப் பெயர் போனவர், எலக்டோரல் காலேஜ் ஏன் முக்கியம் என்று கேட்கக் கேட்க, 'இது புத்தகத்திலேயே இல்லையே' என்ற நினைப்பிலேயே தெரிந்த பதில்களும் வாயில் வரவில்லையாம். 12 சரியானாலும் நிறுத்திவிடுவார்கள், 9 தப்பானாலும் நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு ஒன்பதில் நின்றது. ஆபீசர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாராம். முடிவுத் தாளைக் கையில் கொடுத்து, இன்னொரு வாய்ப்பு உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

காரில் உட்கார்ந்தபடியே வகுப்புக்காரருக்கு போன் போட்டேன். "அடடா, அம்மா பதட்டப்பட்டுட்டாங்க போல சார். வயசானவங்க இல்லையா" என்றார். பதட்டமா? உங்கள் புத்தகத்தில் அந்தக் கேள்விகள் இல்லை, நவம்பரில் விண்ணப்பம் போட்டவர்களுக்கு 128 கேள்வி என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சிலபஸ் எல்லாம் கவர்ன்மென்ட் மாத்திக்கிட்டே இருக்கும் சார், நாங்க என்ன பண்றது? நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன், கூப்பிடறேன்." கூப்பிடவில்லை.

மறுநாள் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் பேசினார். கேரண்டி என்பது இரண்டாவது வாய்ப்பிலும் தோற்றால்தான் என்றார். அதை எங்கே எழுதியிருக்கிறது என்றால் "பாலிசி சார்". சரி, இரண்டாவது வாய்ப்புக்காவது சரியான பாடம் நடத்துங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேளுங்கள்: "நியூ வெர்ஷன் பேட்ச் தனியா இருக்கு சார். உங்களுக்குன்னா டிஸ்கவுண்ட்ல 300-க்குப் பண்ணித் தரச் சொல்றேன்."

ஆக, புதுத் தேர்வு வந்திருப்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குத் தனி வகுப்பே வைத்திருக்கிறார்கள். மிச்சமிருந்த பழைய புத்தகங்களையும் பழைய பேட்சையும் ஓட்டித் தீர்க்க என் அம்மா மாதிரி ஆட்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

950 டாலரைத் திரும்பக் கேட்டு மெயில் போட்டேன். இரண்டு வரிப் பதில் வந்தது. நீங்கள் அனுப்பியது நன்கொடை, நன்கொடைக்கு ரீஃபண்ட் கிடையாது, உங்கள் ஆதரவுக்கு நன்றி. வங்கியில் கேட்டால், நீங்களே விருப்பப்பட்டு ஸெல்லில் அனுப்பிய பணம், அதுவும் நன்கொடை என்று போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். அன்று சாயங்காலமே அம்மாவை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். அம்மாவுக்குப் பணம் போனதைவிட அதுதான் வலித்தது. கூடப் படித்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

இதோடு முடியவில்லை. விண்ணப்பத்துக்கான ஆன்லைன் கணக்கை அவர்களுடைய மெயில் முகவரியில் திறந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம். கேட்டால் 'செக் பண்ணிச் சொல்றோம்'. மறுதேர்வு 60 முதல் 90 நாளுக்குள் வைப்பார்கள், தோற்ற பகுதிக்கு மட்டும். அதற்கான கடிதம் தபாலிலும் வரும் என்பதால் தினமும் லெட்டர்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி, மறுபடி 710 கட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விண்ணப்ப நகலைப் புரட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வேறொருவர் நிரப்பிக் கொடுத்தால் அவர் தன் விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட ஒரு பகுதி உண்டு. அது காலி. 250 டாலர் வாங்கியவர்கள் அந்தத் தாளில் இல்லவே இல்லை, எல்லாவற்றையும் அம்மாவே நிரப்பியதாகத்தான் இருக்கிறது.

அந்த வகுப்பில் ஒரு பெரியம்மா வருவார். வயது எழுபதுக்கு மேல், கிரீன் கார்டு வாங்கி இருபது வருடம் தாண்டிவிட்டது. 65 வயதும் 20 வருட கிரீன் கார்டும் இருந்தால் ஆங்கிலத் தேர்வே கிடையாது. மொழிபெயர்ப்பாளரை அழைத்துப்போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம், படிக்க வேண்டியது குறிப்பிட்ட 20 கேள்விகள் மட்டும், 10 கேட்பார்கள், 6 சொன்னால் போதும். அவரிடமும் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, 'வாஷிங்டன் முதல் ஜனாதிபதி' என்று ஆங்கிலத்தில் எழுதக் கையைப் பிடித்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மகளுக்கு நேற்று நானே போன் செய்து சொன்னேன். அவருக்கு இது எதுவுமே தெரியாது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: கேள்வி பதில் முழுப் பட்டியலும் யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் இலவசம், அங்கிருந்தே எடுங்கள். உங்கள் விண்ணப்பத் தேதி அக்டோபர் 20-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ரசீதில் பாருங்கள். ஜனாதிபதி, கவர்னர், செனட்டர் மாதிரி ஆள் மாறும் பதில்களை இன்டர்வியூவுக்கு முன் அதே தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள். கணக்கு உங்கள் மெயிலில்தான் இருக்க வேண்டும். விண்ணப்ப விஷயத்தில் சட்ட ஆலோசனை சொல்ல வக்கீலுக்கும், அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் (டிஓஜே) அங்கீகரித்த பிரதிநிதிக்கும்தான் உரிமை. சனிக்கிழமை ஹால் வாடகைக்கு எடுத்தவருக்கு இல்லை. பல ஊர்களில் பொது நூலகத்திலேயே காசில்லாமல் வகுப்பு நடக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். 'நன்கொடை' என்று போட்டு யாருக்கும் கட்டணம் அனுப்பாதீர்கள்.

மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசியிலும் மாநில நுகர்வோர் துறையிலும் புகார் போட்டாகிவிட்டது. 950 டாலர் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களுடைய அடுத்த பேட்ச் வரும் சனிக்கிழமை ஆரம்பமாம், நேற்றுதான் இன்னொரு குரூப்பில் அந்த ஃபார்வர்டு வந்தது. 'பாஸ் கேரண்டி' இன்னும் அதில் இருக்கிறது. உங்களுக்கும் வந்தால், எந்தப் பட்டியலை நடத்தப் போகிறீர்கள், நூறா நூற்று இருபத்தெட்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.