பனிமுகடுகளுக்கு எந்த ஹெலிகாப்டர்: சீட்டா, துருவ், எல்.யு.எச்.

பெங்களூரு முருகேஷ்பாளையம், விமானபுரம் பகுதிகளில் வசிக்கும் தமிழர்களுக்கு எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமான நிறுவன ஓடுதளத்தின் ஹெலிகாப்டர் இரைச்சல் பழகிப்போன ஒன்று. அங்கு உருவான சீட்டா, துருவ், எல்.யு.எச். (இலகுரகப் பயன்பாட்டு ஹெலிகாப்டர்) ஆகிய மூன்று வகைகளில் எது சியாச்சின் முகாம்களுக்கு ஏற்றது என்பதே இங்கு கேள்வி.

பிரெஞ்சு ஹெலிகாப்டரான லாமாவின் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட சீட்டாவை இன்றும் குறைத்து மதிப்பிட முடியாது. 870 குதிரைத்திறன் தரவல்ல அதன் எஞ்சினிலிருந்து 550 மட்டுமே எடுக்கப்படுவதால், காற்று மெலிந்த உயரத்திலும் ஆற்றல் எளிதில் சரிவதில்லை. லாமா 1972-இல் 12,442 மீட்டர் உயரம் தொட்டுப் படைத்த சாதனையே இதற்குச் சான்று. ஆனாலும் அரை நூற்றாண்டைத் தாண்டிய வடிவமைப்பை நம்பி விமானிகளை இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பது நியாயமன்று.

ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தின் துணையுடன் வடிவமைக்கப்பட்டு 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்த துருவ், இரட்டை எஞ்சின் கொண்ட 5.5 டன் வகை. ‘சக்தி’ என்ற புதிய எஞ்சின் பொருத்தப்பட்ட பிறகு மலைப்பகுதிகளில் அதன் திறன் வெகுவாகக் கூடியது. வீரர்களை ஏற்றிச் செல்லவும் காயமடைந்தோரை மீட்கவும் மூன்றில் அதுவே சிறந்தது. அதன் பலவீனம் வேறிடத்தில் வெளிப்பட்டது. விமானியின் கைப்பிடி அசைவைச் சுழலும் இறக்கைகளுக்குக் கடத்துவது ஸ்வாஷ்பிளேட் என்னும் தட்டு. கீழ்ப்பாதி நிலையாக நிற்க, மேற்பாதி ரோட்டருடன் சுழலும். அது முறிந்தால் விமானியால் எதுவும் செய்ய இயலாது, மாற்று ஏற்பாடும் கிடையாது. 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்த பிறகு விசாரணை இந்தப் பாகத்தையே சுட்டியது. முப்படைகளின் துருவ்களும் பல மாதங்கள் தரையில் நின்றன.

2016 செப்டம்பரில் முதலில் பறந்த எல்.யு.எச். மூன்று டன் வகை, ஒற்றை எஞ்சின். ஒரே எஞ்சினா என்ற ஆட்சேபம் நியாயமானதே. எனினும் முகட்டில் உள்ள சிறு தளத்திற்கு மண்ணெண்ணெயும் உணவும் கொண்டுசெல்லும்போது, இரண்டாவது எஞ்சினின் எடை சரக்கின் இடத்தைத்தான் பிடிக்கிறது. 2019-இல் லடாக்கின் உயரமான லே, தௌலத் பெக் ஓல்டி பகுதிகளில் நடந்த சோதனைகளில் எல்.யு.எச். தேறிவிட்டது. ஆகவே முகட்டு முகாம்களுக்கு எல்.யு.எச்., மற்றப் பணிகளுக்குத் துருவ் என்பதே என் தெரிவு. 2023 பிப்ரவரியில் துமகூருவில் திறக்கப்பட்ட ஆலையிலிருந்து எல்.யு.எச்.கள் போதிய எண்ணிக்கையில் வந்து சேரும்வரை, அந்தச் சுமையைச் சீட்டாவே சுமக்க வேண்டியிருக்கும்.