ஒர்க்கர்ஸ் காம்ப் கேஸ்களை யார் கையில் கொடுப்பது?

வேலையிடத்தில் அடிபட்டவர்களின் சிகிச்சைச் செலவை முதலாளி தரப்பு இன்சூரன்ஸ் ஏற்கும் ஏற்பாடுதான் ஒர்க்கர்ஸ் காம்ப். இந்தக் கேஸ்களின் காகித வேலையைக் கவனிக்க, கலிபோர்னியாவில் அவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் சிறிய கிளினிக்குகளுக்கு மூன்று வழிகள் உண்டு. ரிசப்ஷனில் இருப்பவர்களே ஆளுக்குக் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்ளலாம், இதற்கென்றே ஒருவரை வைக்கலாம், இல்லையென்றால் வெளி பில்லிங் நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம்.

செலவை மட்டும் பார்த்தால் வெளி நிறுவனம்தான் முதலில் கண்ணில் படும். பில் விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். முறையாக அனுப்பிய காகித பில்லுக்கு இன்சூரன்ஸ் பொதுவாக 45 நாளில் பணம் தர வேண்டும், மின்னணு பில்லுக்கு 15 வேலை நாளில். தொகை குறைந்து வந்தால் 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். இந்தக் கெடுக்களெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் நோயாளி தவித்துப்போவது பில்லில் அல்ல, எம்.ஆர்.ஐ.க்கோ பிசியோதெரபிக்கோ அனுமதி கேட்கும் ஆர்.எஃப்.ஏ. படிவத்தில்தான். அதில் டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை ஏன் தேவை என்பதைக் காட்டும் ரிப்போர்ட்டும் கூடவே போக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் 'முழுமையாக இல்லை' என்று இன்சூரன்ஸ் திருப்பி அனுப்பிவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால் வழக்கமாக 5 வேலை நாளில் முடிவு வந்தாக வேண்டும். மறுத்துவிட்டால், நிலைமை மாறியதற்கு ஆதாரம் காட்டாதவரை அந்த மறுப்பு 12 மாதம் நிற்கும். ஐ.எம்.ஆர். என்ற மேல் பரிசீலனைக்கு நோயாளி 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஒரு வரி குறைந்ததால் மூட்டை தூக்கும் ஒருவர் மாதக்கணக்கில் தோள்வலியோடு கிடப்பது கொடுமை. அந்த வரியைக் கேட்டு வாங்க டாக்டர் அறை வாசலில் போய் நிற்கக்கூடிய ஆள் வேண்டும். வெளி நிறுவனத்தால் அது முடியாது.

ரிசப்ஷன்காரர்களால் முடியும். ஆனால் யாருக்கும் முழுக் கதை தெரியாது. முதல் பரிசோதனை முடிந்து 5 நாளுக்குள் டாக்டரின் முதல் ரிப்போர்ட் போக வேண்டும், பிறகு 45 நாளுக்கு ஒருமுறையாவது பிஆர்-2 என்ற முன்னேற்ற ரிப்போர்ட். திங்கட்கிழமை இருந்தவர் அனுப்பிவிட்டார் என்று வியாழக்கிழமை இருப்பவர் நினைத்துக்கொள்வார். அட்ஜஸ்டர் (இன்சூரன்ஸ் தரப்பில் கேஸைக் கையாள்பவர்) கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் பழைய கதையை முதலிலிருந்து தேட வேண்டும். பழக்கதோஷத்தில் நோயாளியிடம் கோ-பே, அதாவது அவர் பங்குக் கட்டணம், கேட்டுவிடுவது இன்னொரு தொல்லை. வேலைக்காயச் சிகிச்சைக்கு அவரிடம் காசு வாங்கக் கூடாது. அவர் கிளெய்ம் படிவம் கொடுத்துவிட்டால், ஏற்பதா மறுப்பதா என்று முடிவாகும்வரை 10,000 டாலர் வரையிலான சிகிச்சைக்கு முதலாளி தரப்புதான் பொறுப்பு. இது தெரியாமல் பயந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

அதனால் என் தேர்வு, கிளினிக்குக்குள்ளேயே பெயர் சொல்லி ஒருவர். மாதத்துக்கு நாலைந்து கேஸ்தான் என்றால் முழுநேர ஆள் தேவையில்லை. ரிசப்ஷனில் ஒருவருக்குத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் போன் எடுக்கும் வேலையிலிருந்து விடுதலை கொடுத்தால் போதும். பில்லும் மறுபரிசீலனையும் மட்டும் வெளியே போகட்டும்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு: அவர் லீவு போட்டால் எல்லாம் நின்றுவிடும். ஆகவே கிளெய்ம் எண், அடிபட்ட தேதி, அட்ஜஸ்டர் பெயர், அடுத்த பிஆர்-2 தேதி, ஆர்.எஃப்.ஏ. போன நாள், ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததற்கான சீட்டு எல்லாம் பொதுவான ஒரே ஷீட்டில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை இன்னொருவரும் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.