என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கடிகாரம்

சென்ற வாரம் அலுவலகத் தோழர் ஒருவர், "சார், நீங்கள் போகும் உளவியலாளரிடம் நானும் போகலாமா? கொடுக்கிற காசுக்குப் பிரயோஜனம் இருக்கிறதா?" என்று கேட்டார். அமர்வுக்கான கட்டணம் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த அதே வாரத்தில் அவர் கேட்டதால், என் பதிலில் எரிச்சல் சற்றுத் தூக்கலாகவே இருந்தது. அவருக்கு நியாயமான ஒரு பதில் பாக்கியிருக்கிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் அந்த அறைக்குப் பதினான்கு மாதங்களாக, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போய் வருகிறேன். துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகத்தில் வேலை. இரவில் கைப்பேசி ஒலித்தாலே நெஞ்சு படபடத்து, விடியும் வரை தூங்க முடியாத நிலை வந்த பிறகுதான் போனேன். வீட்டில் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் சொன்னால் "கீழ்ப்பாக்கமா?" என்பார்கள், 1794இல் தொடங்கப்பட்ட ஒரு மனநல மருத்துவமனையால் அந்த ஊரின் பெயரே இன்னும் கேலிச்சொல்லாகப் புழங்குகிறது.

என் குறை முழுவதும் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பற்றியது. அறையில் இருக்கும் ஒரே கடிகாரம் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டப்பட்டிருக்கிறது. உளவியலாளருக்கு மணி தெரியும், எனக்குத் தெரியாது. வருபவர் நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, தானும் பேச்சின் நடுவே மணிக்கட்டைத் திருப்பக் கூடாது என்பதற்காகத்தான் அங்கே வைத்ததாகச் சொன்னார். காரணம் சரிதான். ஆனால் ஐம்பது நிமிடம் முடியப் போகும்போது அவர் பார்வை என் இடது காதுக்கு மேலே ஒரு கணம் போய்த் திரும்பும். அதைப் பார்த்தவுடன் என் வாய் கட்டிக்கொள்ளும்.

முதல் ஏழு மாதங்கள் எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரி நெரிசலிலும் மேலாளரின் குணத்திலுமே என் நேரத்தைக் கரைத்தேன். எட்டாம் மாதம் ஒருநாள் அமர்வு முடிந்து, வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியபடி, "அப்பா இறந்த இரவு வந்த போனை நான் எடுக்கவில்லை" என்றேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இதை அடுத்த முறை முதலில் பேசலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு இரண்டு வாரம் நடந்தேன். அப்போது வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அடுத்து வர வேண்டிய பெண் பெஞ்சில் காத்திருந்தார் என்பதும், அவருடைய ஐம்பது நிமிடத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பலரும் செருப்பு மாட்டும்போதுதான் உண்மையைச் சொல்வார்கள் என்று பிறகு உளவியலாளரே சொன்னார். மேற்கொண்டு கேள்வி வராது என்பதால் அங்கேதான் தைரியம் வருகிறதாம்.

அதன் பிறகு, திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் தண்டையார்பேட்டைக்கு முன்பாக ஒரே ஒரு வரியை எழுதி முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். இன்று எதைச் சொல்லாமல் திரும்பினால் இரவில் தூக்கம் வராதோ, அந்த வரி. உட்கார்ந்ததும் முதலில் அதைப் படித்துவிடுவேன். பிந்தைய ஆறு மாதங்களில் கிடைத்தது முந்தைய எட்டு மாதங்களில் கிடைத்ததைவிட மிக அதிகம். கட்டணத்தில் அப்போது ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்கவில்லை.

நான் எதிர்பாராத இன்பம் ஒன்றும் உண்டு: உளவியலாளர் எழுதச் சொன்ன ஒரு நாற்பது பக்க நோட்டு. நடந்தது, மனத்தில் ஓடியது, பயம் நூற்றுக்கு எவ்வளவு, பிறகு தெரிந்தது என நான்கு கட்டங்கள். 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சை முறையின் வழி வந்த பயிற்சி இது. என் நோட்டிலிருந்து ஒரு வரி: "இரவு 10.40, மேலாளர் அழைப்பு. வேலை போய்விட்டது. 90. பில் ஆஃப் என்ட்ரி நகல் கேட்டார்." இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்தான் அது. இப்படி முப்பது வரிகளை அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒருமுறை எதுவும் எழுதாமல் போய், மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு வாரத்துக்கும் சேர்த்து நிரப்பினேன். எல்லா நாளும் ஒரே மை, ஒரே சாய்வு, பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். "எழுத முடியவில்லை என்று சொல்லியிருந்தாலே பேசுவதற்கு அது போதும்" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தோழருக்கு மூன்று செய்திகள். உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். தூக்கம் அறவே போனபோது என்னை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதத்தோடு அனுப்பினார், தட்டிக் கழிப்பதாக அப்போது தவறாக நினைத்துக்கொண்டேன். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். நடுநிசியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை அது.

இவ்வளவும் எழுதிய பிறகும், காசுக்குத் தகுமா என்று இன்று கேட்டால் தகாது என்றுதான் சொல்வேன். அந்தக் கடிகாரத்தை எதிர்ச் சுவரில் மாட்டும் வரை அந்தக் கூடுதல் இருநூறு ரூபாய் எனக்கு உறுத்தும். வேறு யாரையாவது பாருங்கள் என்று தோழரிடமும் சொல்லிவிட்டேன். இல்லை, அங்கேதான் போவேன் என்றால் போகட்டும். சனிக்கிழமை ஆறு மணியை மட்டும் கேட்க வேண்டாம்.