இடுப்பு மூட்டு ரீசர்ஃபேசிங்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

நாற்பது வயதை எட்டுவதற்கு முன்பே வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதால், 2008இல் பெங்களூருவில் பர்மிங்காம் வகை ரீசர்ஃபேசிங் செய்துகொண்டேன். முழு மூட்டு மாற்றில் தொடை எலும்பின் தலையை வெட்டி நீக்கிவிடுவார்கள். இதிலோ அந்தத் தலையைச் செதுக்கி அதன்மேல் கோபால்ட்-குரோமியம் கவசத்தைப் பொருத்தி, இடுப்புக்குழியில் அதே உலோகத்தாலான கிண்ணத்தைப் பதிக்கிறார்கள்.

தொடக்க மாதங்களில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறியக்கூடும் என்று எச்சரித்திருந்ததால், ஊன்றுகோலைக் கைவிட அவசரப்படவில்லை. அதன்பின் காவேரிப்பட்டணம் அருகிலுள்ள எங்கள் மாந்தோப்பில் நாள் முழுவதும் நடப்பதற்கும், விசேஷ வீடுகளில் தரையில் அமர்ந்து பந்தியில் சாப்பிடுவதற்கும் இந்த மூட்டு தடையாக இருந்ததில்லை. உலோகத் தலை ஏறத்தாழ இயற்கையான தலையின் அளவே இருப்பதால் மூட்டு நழுவுவது அரிது.

ஆனால் என் நிலையை வைத்து மற்றவர்கள் முடிவெடுக்கக் கூடாது. போச்சம்பள்ளியில் உள்ள எங்கள் உறவுக்காரப் பெண்மணிக்குச் சிறிய அளவுத் தலையைப் பொருத்தியிருந்தார்கள். சில ஆண்டுகளில் தொடை மடிப்பில் வலியும் வீக்கமும் தோன்றின. உலோகத்தோடு உலோகம் உரசி உதிர்ந்த நுண்துகள்கள் சுற்றியுள்ள தசையைச் சிதைத்திருந்ததால், அவருக்கு முழு மூட்டு மாற்று செய்ய நேர்ந்தது. முதல் அறுவையில் எலும்பை வெட்டாமல் மிச்சம் வைத்திருந்தும், கெட்டுப்போன தசையால் இன்றும் சற்றுத் தாங்கித்தான் நடக்கிறார். தலை சிறிதாக இருந்தாலோ, கிண்ணம் செங்குத்தாகச் சாய்ந்திருந்தாலோ உராய்வு கிண்ணத்தின் விளிம்பில் குவியும். பர்மிங்காம் மூட்டைத் தயாரிக்கும் நிறுவனமே 2015இல் 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான தலை அளவுகளைத் திரும்பப் பெற்று, பெண்களுக்கு இதைப் பொருத்த வேண்டாம் என்று அறிவித்தது. அவருக்கு அந்த அறிவிப்பு காலம் கடந்தே வந்தது.

வலி இல்லையென்றாலும் திசு உள்ளுக்குள் கெடக்கூடும் என்பதால், எக்ஸ்ரேயுடன் இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவையும் பார்த்துவருகிறேன். 2010இல் பிரிட்டனின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு லிட்டருக்கு 7 மைக்ரோகிராமை எச்சரிக்கை எல்லையாக வைத்தது. என்னுடையது அதற்கு வெகு கீழே இருக்கிறது. நுண்தனிமங்களுக்கென உள்ள தனிக் குழாயில் இரத்தம் எடுக்காவிட்டால் முடிவு பிசகும் என்பதால், இதற்காகப் பெங்களூருக்கே போகிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியுடன், பொருத்திய பாகத்தின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். 2010 ஆகஸ்டில் டிப்யூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் என்ற உலோக இடுப்பு மூட்டைத் திரும்பப் பெற்றபோது, என்னுடையது அதுவல்ல என்பதை அந்தச் சீட்டைப் பார்த்தே உறுதிசெய்துகொண்டேன். எங்கள் உறவுக்காரருக்கு அது தரப்படவில்லை. அவருடைய மருத்துவமனையில் கேட்டபோது, பழைய கோப்புகள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.