மகன் மீது புகார், மகனுக்கே ஓடிபி

மகன் மீது மனுக் கொடுக்க அந்த மகனின் அனுமதியே வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள இ-சேவை மையத்தில் அப்படித்தான் நடந்தது. இங்கிலாந்திலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். விமானம், டாக்ஸி, பட்டா நகல், குலதெய்வம் கோயில் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. மாமா போன கையோடு வீட்டை ஒரே மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். முன்கட்டை வாடகைக்கு விட்டாயிற்று; அத்தை பின்கட்டில், பத்தாயம் கிடந்த அறையில். வாடகை திருப்பூருக்குப் போகிறது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வரும் கணக்கின் ஏடிஎம் அட்டையும் திருப்பூரில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் இந்தப் பணம் மணியார்டரில் வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, கைநாட்டு வாங்கி, நோட்டுகளை எண்ணிக் கிழவியின் கையிலேயே கொடுப்பார். பேரன் கையை நீட்டினால் முறைப்பார். (அவரும் ஐந்தோ பத்தோ எடுத்துக்கொள்வார், அது வேறு கதை.) யார் வீட்டில் யாருக்குச் சோறு போடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது அந்தச் செய்தி தெரிந்தவர் மக்களைத் தேடி மருத்துவத்தின் சுகாதாரத் தன்னார்வலர். 2021-இல் தொடங்கிய திட்டம். வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நான் இருந்தபோது ஒருநாள் காலை வந்தார். அத்தையின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "பெரியம்மா, இன்றைக்காவது சாப்பிட்டீர்களா?" என்றார். அத்தை பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். தன்னார்வலரின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழுத்தத்துக்கு ஒரு கட்டம், சர்க்கரைக்கு ஒரு கட்டம், மாத்திரைக்கு ஒரு கட்டம். கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் பொடி எழுத்தில்: 'காலை சாப்பாடு இல்லை', 'எடை குறைவு', 'அடுப்பு பற்றவில்லை'. இதை யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "யாரும் கேட்பதில்லை அண்ணா. எனக்கு மனசு கேட்கவில்லை, எழுதி வைத்தேன்" என்றார்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தில், முதியோர் இல்லமொன்றில். அங்கே ஒருவர் உடம்பில் புதிதாக ஒரு காயம் தெரிந்தாலே, மனித உருவம் அச்சிட்ட தாளில் இடத்தைக் குறித்துத் தேதி போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்குத் தகவல் போகும். தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாதவருக்கு ஆபத்து என்றால் கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும் என்கிறது 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். கவுன்சிலும் காவல்துறையும் மருத்துவ சேவையும் ஒரே குழுவில் உட்கார வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் பிறவி ஞானம் இல்லை. பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் நோயாளிகளை அடித்து வதைத்ததை 2011-இல் பிபிசி மறைவாகப் படம் பிடித்துக் காட்டிய பிறகு வந்த சட்டம் அது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது, அதைவிட முன்பே. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இலேயே வந்துவிட்டது. கோட்டாட்சியரே தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லலாம். பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யவும் 23-ஆவது பிரிவில் வழி உண்டு. பத்திரத்தில் நிபந்தனையை எழுத்தில் வைக்காவிட்டாலும் பாசம்தான் நிபந்தனை என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்திருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து மாதம் ஒருமுறையாவது தனியாக வாழும் முதியவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. எங்கள் தெருவில் போலீஸ்காரரை அத்தை பார்த்தது தேர் வந்த அன்றுதானாம்.

சரி, மனுக் கொடுப்போம் என்று அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கோட்டாட்சியர் அலுவலகத்தில், "இணையத்தில் பதிந்து ரசீதோடு வாருங்கள்" என்று இ-சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பையன் நல்ல பையன். ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள் பாட்டி" என்றான். அத்தை தன் பட்டன் போனை எடுத்து நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினான். அப்போதும் இல்லை. கடைசி நான்கு எண்களைப் படித்துக் காட்டினான். அது அத்தானின் எண்.

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. "அம்மா, எனக்கு ஏதோ நம்பர் வந்திருக்கிறதே, எங்கே இருக்கிறாய்?" அத்தை சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ரேஷன் கடைக்கு வந்தேனப்பா, கைரேகை விழவில்லை" என்றார். அத்தானும் நல்ல பிள்ளையாக அந்த ஆறு இலக்கத்தையும் சொன்னார். அத்தை அதைத் திருப்பிச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர், "சீக்கிரம் ஆகட்டும் பாட்டி" என்றார்.

எண்ணை மாற்ற முடியாதா என்றேன். மாற்றலாம், ஆதார் மையத்தில் கைரேகை வைக்க வேண்டும் என்றான் பையன். நாற்பது வருடம் நாற்று நட்ட விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடை இயந்திரமே அவரை அடையாளம் கண்டுகொள்வதில்லை. மகனிடமிருந்து தப்பிக்க நினைக்கும் தாயை மகனின் செல்போன் வழியாக மட்டுமே தெரிந்துகொள்ளும் ஏற்பாட்டை எந்த மேதை யோசித்தாரோ!

கோபத்தில் 14567-ஐ அழைத்தேன். முதியோர் உதவி எண். இங்கிலாந்தில் இப்படி ஒரு எண்ணை அழைத்தால் முதலில் அரை மணி நேரம் பியானோ கேட்க வேண்டும். இங்கே உடனே எடுத்தார்கள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் கொடுக்கலாம் என்றார். அதே சட்டம், அதே மாவட்டம். ஒரு மேசைக்குத் தெரிந்தது அடுத்த மேசைக்குத் தெரியவில்லை.

சமூக நல அலுவலகத்தில் மனுவை வாங்கிய அம்மா என்னைப் பேச விடவில்லை. நாற்காலியை அத்தையின் பக்கம் திருப்பிப் போட்டு, "உங்களுக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்டார். நான் வேலை பார்க்கும் இல்லத்தில் இந்தக் கேள்விக்கென்றே தனிப் படிவம் உண்டு. பல நாள் அதை நிரப்பிவிட்டுக் கேட்க மறந்துவிடுவார்கள். அத்தை யோசிக்கவே இல்லை. "வீடு அவனுக்கே இருக்கட்டும். அந்த அட்டையை வாங்கிக் கொடுங்கள்" என்றார்.

விசாரணைத் தேதி நான் திரும்பிய பிறகுதான் வருகிறது. தன்னார்வலர் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு மேலத் தெருவில் வேலை. அந்த நாளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருடைய மேற்பார்வையாளர் இன்னும் முடிவு சொல்லவில்லையாம்.