கிராண்ட் நேஷனலுக்கு டைப் 1 காயிலா, டைப் 2-வா?

1987 பியூக் கிராண்ட் நேஷனல் காரின் 3.8 லிட்டர் டர்போ வி6-இல் பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயில்கள் மூன்று, ஒவ்வொன்றும் இரண்டு பிளக்குகளுக்கு. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏறப் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும், அதனால் சோர்ந்துபோன காயில் மெதுவாக ஓட்டும்போது சமாளித்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை அமுக்கினதும் திணறும்.

கம்பெனியில் வந்த டைப் 1-இல் மூன்றும் ஒரே வார்ப்பு. மேலே மயிரிழை விரிசல் ஒன்று விழுந்தாலும் முழுதாக மாற்ற வேண்டும். டைப் 2-இல் தனித்தனி, கெட்டதை மட்டும் கழற்றலாம். ஆனால் அடியில் இருக்கும், காயில்களை இயக்கும் எலக்ட்ரானிக் மாட்யூலையும் சேர்த்தே வாங்கணும், பழையதோடு ஜோடி சேராது.

தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் டைப் 2-தான். அசல் தோற்றம் அப்படியே வேண்டும் என்றால் மட்டும் டைப் 1. சரி, வாங்கும் முன் இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், நீலப்பொறி பிளக் ஒயர் ஓரமாகத் தாவினால் கோளாறு காயிலில் இல்லாமல் ஒயரில் இருக்கலாம்.